நான் பழக்கிய பூட்டு

என் பெயர் அரசி. ஆனால் எங்கள் சொந்தத்தில் எனக்கு இரண்டு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே டாக்டரம்மா, முதுகுக்குப் பின்னால் பூட்டுக்காரி. பல் பிடுங்குகிற பெண்பிள்ளை பிடுங்கியதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டுகளையும் நோண்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நோண்டுவது என்றால், என் சொந்தப் பூட்டை என் சொந்தச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சாவி இல்லாமல் திறப்பது. திறந்து என்ன எடுக்கிறாய் என்று கல்யாணமான புதிதில் என் கணவர் குமரகுரு கேட்டார். ஒன்றும் எடுப்பதில்லை, திறப்பதுதான் விஷயம் என்றேன். அவர் கோழித்தீவன வியாபாரி. ஒன்றைப் போட்டால் பதிலுக்கு ஒன்று வர வேண்டும் என்று நினைக்கிற வர்க்கம். அன்றோடு என்னைப் புரிந்துகொள்ளும் முயற்சியைக் கைவிட்டுவிட்டார். நல்ல மனுஷன்.

ஆரம்பித்தது பெருந்துறையில் என் கிளினிக்கில்தான். சொத்தைப் பல்லைத் துழாவும் கொக்கி ஊசி முனை மழுங்கினால் குப்பையில் போட வேண்டும். நான் போடவில்லை. உப்புத்தாளில் தேய்த்து, நுனியை வளைத்து, துணிச்சுருளில் தையல் போட்டு வரிசையாகச் செருகி வைத்தேன். மெல்லியது, தடித்தது, அலை அலையாக வளைந்தது, பாதி வட்டம் என்று அது ஒரு குடும்பமாகப் பெருகியது. அப்புறம் பூட்டுகள் வந்தன. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, அலிகார் பித்தளைப் பூட்டு, உள்ளே பின்கள் என்கிற குட்டித் தண்டுகள் ஏறி இறங்குவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பயிற்சிப் பூட்டு, யாரோ காயலான் கடையில் போட்ட பீரோவிலிருந்து நான் கழற்றி வந்தது. ஊறுகாய் ஜாடிகள் இருக்க வேண்டிய அலமாரியில் பூட்டுகள் இருந்தன. ஊறுகாயைக் கடையில் வாங்கினோம், யாரும் சாகவில்லை.

என்னைப் போன்ற கிறுக்குகள் கோவையில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஒரு பேக்கரி மாடியில் கூடுவோம். ஒரு வருமானவரி அதிகாரி, ஒரு பரதநாட்டிய ஆசிரியை, கல்லூரியில் தத்துவம் நடத்துகிற ஒருவர். தேங்காய் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பூட்டைக் குடைந்துகொண்டிருப்போம். எங்களுக்கு விதிகள் உண்டு. அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது. புழக்கத்தில் இருக்கிற பூட்டைத் தொடவே கூடாது. விதி என்று சொல்லாவிட்டாலும் எல்லோர் கையிலும் ஊறிப்போன வழக்கம் இன்னொன்று: திறந்தவுடன் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். ஒரு முறை திறந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், மறுபடி திறந்து காட்டினால்தான் வட்டத்தில் மரியாதை. அதனால் பூட்டு திறந்த சத்தம் கேட்ட மறுகணம் எங்கள் கை தானாகப் பின்னால் திரும்பும். பூட்டை உடைத்துத் திறப்பது பற்றிப் பேசினால் அந்த வாரம் டீ கிடையாது. உடைக்கிறவன் திருடன், நாங்கள் கலைஞர்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் 'மதில்' என்ற நிறுவனத்திலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பயிற்சிப் பூட்டு இலவசமாக வந்தது. இலவசம் என்றதும் வருமானவரி அதிகாரியின் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டும். பார்வைக்குக் கதவில் பதிக்கிற சாதாரணப் பூட்டு, இரண்டு பக்கமும் சாவித்துளையும் கூடவே சாவியும் உண்டு. உள்ளே ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு குட்டி மோட்டாரும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூளையும் வைத்திருந்தார்கள். கம்பியை விட்டுத் திறந்தால் எப்படித் திறந்தோம் என்று அது மனதில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை அந்த வழி அடைந்திருக்கும். நாங்கள் வேறு வழி கண்டுபிடிப்போம். திறக்கும் ஒவ்வொரு முறைக்கும் போனில் ஒரு நட்சத்திரம் வரும். நாடு முழுக்க யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு பட்டியலும் வரும். அதில் நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன். பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவள், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி நட்சத்திரத்துக்காகப் பெயர் தெரியாத முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பாத்திரமும் கழுவியிருப்பேன்.

ஒருநாள் அந்தப் பூட்டு யாருக்குமே திறக்கவில்லை. கொஞ்ச நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓய்ந்தோம். நிறுவனத்திலிருந்து "எங்கள் ஆசிரியர்களுக்கு நன்றி" என்று அச்சடித்த பெட்டியில் முந்திரிக் கேக் வந்தது. அடுத்த மாதமே மதில் பூட்டு கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. கேக் நன்றாகத்தான் இருந்தது.

என் கணவரின் அக்கா சொர்ணம். எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் வீடு, அவள் புருஷன் குழந்தைசாமிக்குத் தறிப்பட்டறை. ஒரு காதுகுத்து விருந்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைசாமி அண்ணன், பூட்டில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டார். என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொந்தத்தில் ஒருவர் மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் இலையில் இருந்த பாயசத்தை மறந்துவிட்டேன்.

"மத்த பூட்டெல்லாம் செஞ்ச அன்னிக்கு எப்படியோ, கடைசி வரைக்கும் அப்படியேதானுங்க அண்ணா. இது ஒருக்கா ஏமாந்தா, ஏன் ஏமாந்தோம்னு யோசிக்கும். மறுக்கா அந்த வழி செல்லாது."

"இந்தப் பூட்டு ஏமாந்தா இது மட்டுந்தான திருந்தும்?"

"இல்லீங்க. விடியறதுக்குள்ள ஊர்ல இருக்குற எல்லா மதில் பூட்டுக்கும் தெரிஞ்சிரும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு," என்றார். ரசத்தை உறிஞ்சிவிட்டு, "அப்ப உன்னாலகூடத் திறக்க முடியாதா அம்மிணி?"

"நான் சொல்லிக் குடுத்த பூட்டுங்க அது. என்னாலயே முடியாது," என்றேன். அப்போது என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் அந்த இலையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அதோடும் விட்டேனா? திறந்தாலும் பூட்டினாலும் சொந்தக்காரர் போனுக்குத் தகவல் வரும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். பட்டறையில் நூல் திருட்டு போகிறது, அதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவர் பூட்டை வாங்கி மகள் அறைக் கதவில் மாட்டினார்.

மகள் பெயர் தாரகை. இருபத்தி நாலு வயசு, கால்நடை மருத்துவம் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அங்கே கூட வேலை செய்த ஜெபராஜைக் கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். மாட்டுக்கு ஊசி போடுவதில் பையன் கெட்டிக்காரனாம். நம்ம ஆளுங்க இல்லை என்பது ஒன்றுதான் அவனிடம் குறை. குறை ஒன்றே ஆனாலும் அது போதும். போனைப் பிடுங்கி, அறையில் வைத்துப் பூட்டி, வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் வெள்ளகோவில் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அழைப்பிதழில் என் பெயரும் இருந்தது, பட்டம் எல்லாம் போட்டு.

கல்யாண வீட்டுக்கு உதவி செய்யப் போவது போலப் போனேன். நங்கை காபி கொடுத்தாள், மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். குளியலறை உள்ளேயே இருந்ததால் கதவைத் திறக்கும் வேலையே அவர்களுக்கு இல்லை. சாப்பாடு ஜன்னல் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தாரகை கட்டிலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அத்தை, இது நீங்க பழக்குன பூட்டாமா? அப்பா சொன்னாரு," என்றாள். "பழக்குனவங்கதான் அவுத்து விடோணும். வெள்ளிக்கிழமைக்குள்ள என்னய வெளிய விட்டீங்கன்னா பொழச்சுக்குவேன். இல்லீன்னா மேடையில உக்காந்து தலைய ஆட்டுவனே ஒழிய, அதுக்கப்பறம் நான் ஆளா இருக்க மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, படித்தவர்கள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன்.

முதலில் கணவரிடம் சொன்னேன். அக்கா வீட்டு விஷயத்தில் தலையிட்டால் நாளைக்கு நம் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்றார். ஒரு காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். பெண்ணுக்கு வயசு என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். உயிருக்கு ஆபத்தா என்றார்கள், எனக்குத் தெரியவில்லை என்றேன். என்ன பூட்டு என்று கேட்டார்கள். மதில் என்றதும், நல்ல பூட்டும்மா, எங்க வீட்லயும் அதுதான் என்று வைத்துவிட்டார்கள். கடைசியாக எங்கள் வட்டத்தின் வாட்ஸப்பில் போட்டேன். விவாதம் களைகட்டியது. புழக்கத்தில் உள்ள பூட்டைத் தொடுவது விதிமீறல் என்றார் வருமானவரி. சொந்தக்காரர் அனுமதித்தால் தொடலாம் என்றார் பரதநாட்டியம். பூட்டுக்குச் சொந்தக்காரர் அப்பா சரி, உள்ளே இருப்பவளுக்குச் சொந்தக்காரர் யார் என்று தத்துவம் ஒரு கேள்வி போட்டது. அதற்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். சரிசமமாக வந்து, பேக்கரிக் கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். கூட்டம் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு.

தாரகை கம்பியைப் பிடித்துக்கொண்டது கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், கூடவே இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டை எப்படித் திறப்பது? கம்பியால் போகிற எல்லா வழியும் அதற்குத் தெரியும், நாங்களேதான் ஊட்டி வளர்த்திருக்கிறோம். அதற்குத் தெரியாதது எது என்று யோசித்தேன். கிளினிக்கில் ஒருவருக்குப் பற்கறை எடுத்துக்கொண்டிருக்கும்போது கையில் இருந்த கருவி முணுமுணுவென்று அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நுனி நடுங்கும், பல்லில் ஒட்டிய காரை உதிரும். எந்திரம் வைத்துத் திறப்பது எங்கள் வட்டத்தில் பித்தலாட்டம். அதனால் ஒருத்தரும் பயிற்சிப் பூட்டில் எந்திரத்தை வைத்ததே இல்லை. பாதிப் பல்லோடு அவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். மீதிக்கு வரச் சொன்ன நாளில் அவர் வரவில்லை, நியாயம்தான்.

குழந்தைசாமி அண்ணன் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து, மத்தியானம் போனேன். பேட்டரியில் ஓடும் கறை எடுக்கும் கருவி ஒன்றும் என் துணிச்சுருளும் கைப்பையில் இருந்தன. திறந்தவுடன் அவர் போனுக்குத் தகவல் போகும், தெரியும். அவர் ஈரோட்டிலிருந்து வருவதற்குள் தாரகையைக் காரில் ஏற்றி, நான் சொல்லி வைத்திருந்தபடி ஜெபராஜ் காத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது என் திட்டம். நான்தான் திறந்தேன் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பூட்டு எப்படித் திறந்தது என்று அவர் நிறுவனத்துடன் மல்லுக்கட்டிக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் பொங்கலுக்கு இதே வீட்டில் நான் வழக்கம்போல வந்து உட்கார்ந்து சாப்பிடுவேன். எவ்வளவு நாகரிகமான திட்டம் பாருங்கள்.

நங்கை என் கைப்பையைப் பார்த்தாள். மிளகாய் காயப்போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கதவின் முன் மண்டியிட்டேன். சாவிக்குப் பதிலாகப் பூட்டைத் திருப்பும் திருகு கம்பியைத் துளையின் அடியில் கொடுத்து லேசாக அழுத்தினேன். கருவியின் நுனியை உள்ளே விட்டுப் பொத்தானை அமுக்கினேன். உள்ளே பின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் துள்ள ஆரம்பித்தன. பூட்டு திகைத்தது. நிஜமாகவே திகைத்தது, என் விரலுக்குத் தெரிந்தது. பழகிய கையை எதிர்பார்த்து இந்தப் பக்கம் அடைக்கிறது, அந்தப் பக்கம் அடைக்கிறது, எதுவும் பொருந்தவில்லை. நாட்டிலேயே மூன்றாவது இடம் என்றால் சும்மாவா? மூச்சை அடக்கிக்கொண்டு திருகு கம்பியில் இன்னும் ஒரு பொடி அழுத்தம் கொடுத்தேன்.

திறந்துவிட்டது. யாராலும் முடியாது என்று உலகத்துக்கே சொன்ன பூட்டு என் கையில் திறந்துவிட்டது. சந்தோஷம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பூட்டிக் கிடந்த பெண்ணை மறந்துவிட்டேன், வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டேன். என் கை திருப்பிப் பூட்டிவிட்டது.

உள்ளே தாரகை கதவுப் பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை.

"அத்தை, திறந்த சத்தம் கேட்டுது. மறுக்கா என்ன பண்ணுனீங்க?"

கருவியை மறுபடி உள்ளே விட்டேன். பின்கள் அசையவே இல்லை, எல்லாம் கெட்டியாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு தடவை ஏமாந்தால் மறுபடி ஏமாறாது என்று பந்தியில் உட்கார்ந்து பெருமையடித்தேனே, சொன்ன சொல் தவறாத பூட்டு. உள்ளே அவள் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்ட சத்தம் கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பழக்கதோஷத்தில் பூட்டிட்டேன் கண்ணு என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

அதற்குள் கூடத்தில் நங்கையின் போன் அடித்தது. அண்ணன்தான். பூட்டு திறந்து மூடியிருப்பதாகத் தகவல் போயிருக்கிறது. நங்கை கொல்லையிலிருந்து வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போனை எடுத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமாங்க, நாந்தான்," என்றாள். "உள்ள வழுக்கி விழுந்தாப்பல சத்தம் கேட்டுச்சு. திறந்து பாத்துட்டு உடனே பூட்டிட்டேன். இல்லீங்க, ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்குறா. சரிங்க, இனிமே உங்களக் கேக்காமத் திறக்கல."

போனை வைத்துவிட்டாள். அவள் பொய் சொன்னது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் இன்னொன்று உறைத்தது.

"நங்கை, உங்ககிட்ட சாவி இருக்குதுங்களா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். இருந்தது.

இத்தனை வருஷமாகப் பூட்டுகளோடு குடும்பம் நடத்துகிறேன். எந்தப் பூட்டும் ஒற்றைச் சாவியோடு கடைக்கு வருவதில்லை என்பது தறிப்பட்டறை வாட்ச்மேனுக்குத் தெரியும். காவல் நிலையம், வாட்ஸப், பற்கறைக் கருவி என்று அலைந்த எனக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அது தோன்றாது. பயிற்சிப் பூட்டு வந்ததும் நாங்கள் முதலில் செய்வது சாவியைத் தூக்கி எங்காவது போடுவதுதான்.

கோபம் தலைக்கேறியது. சாவியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டுதான் பெற்ற பெண்ணுக்கு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தீர்களா, எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை.

"தீயி கீயி புடிச்சாத் திறக்கச் சொல்லிக் குடுத்தாரு. இருக்கறது ரெண்டே சாவி, இன்னொன்னு அவருகிட்ட. நான் திறந்து விட்டா, நான் திறந்து விட்டதா ஆயிரும் அம்மிணி. அவ போயிருவா, நல்லா இருக்கட்டும். நான் இந்த ஊட்லதான் இருக்கோணும்." முந்தானையை மறுபடி முடிந்துகொண்டாள். "நீ ஒடச்சீன்னா அது ஒடஞ்சது. அவ்வளவுதான்."

அப்புறம், யாரிடமோ சொல்வது போல, தென்னை மரத்துக்குப் பக்கத்தில் கடப்பாரை கிடக்கிறது என்றாள். சமையலறைக்குள் போய்க் கிரைண்டரைப் போட்டாள். கல் வெறுமனே உருண்டு கடகடவென்று ஊரைக் கூட்டியது. அதில் ஒரு பிடி மாவுகூட இல்லை.

கடப்பாரை. நாட்டிலேயே மூன்றாவது இடம், கடப்பாரை. பேக்கரியில் எனக்கு ஆயுசுக்கும் டீ கிடைக்காது. பொங்கலுக்கு இந்த வீட்டில் இலை கிடைக்காது, என் வீட்டிலேயே கிடைக்குமா என்பதும் சந்தேகம். யாருக்கும் தெரியாமல் செய்ய நான் வைத்திருந்த ஒரே வழியை நானே பூட்டிவிட்டேன். இனி பட்டப்பகலில், எல்லோருக்கும் தெரிந்து, அரசி உடைத்தாள் என்று ஊர் சொல்கிற மாதிரிதான் செய்தாக வேண்டும். போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பூட்டின் பக்கம் போகவில்லை, அதனோடு எனக்குப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. தாரகையை ஜன்னல் பக்கம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, கீல் இருக்கிற பக்கம் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் முனையைக் கொடுத்து நெம்பினேன். பழைய நிலை. மேல் கீலின் திருகாணிகள் மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. கடைவாய்ப் பல் இதைவிட முரண்டு பிடிக்கும். கீழ்க் கீலும் விட்டதும் கதவு ஒரு பக்கமாகச் சரிந்து, பூட்டின் நாக்கில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்தில் புகுந்து தாரகை வெளியே வந்தாள்.

சமையலறை வாசல் வரைக்கும் போனாள். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு கிரைண்டரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தாரகை, "அம்மா" என்றாள். கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை போலும். கேட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். போ என்று நங்கை கையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணன் சாயங்காலம் வரைக்கும் சந்தையிலேயே இருந்தார். அவர் அடிக்கடி போனைப் பார்த்துக்கொண்டார் என்றும், 'பூட்டியுள்ளது, பாதுகாப்பு' என்று பச்சை எழுத்து வந்ததால் ஒரு போண்டாகூடச் சாப்பிட்டார் என்றும் கூட இருந்தவர் சொன்னார். பூட்டின் மேல் பிழை இல்லை. நாக்கு அதன் குழியிலேயே இருந்தது, யாரும் திறக்கவில்லை. கதவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நாங்கள் யாரும் அதைக் கதவில் மாட்டிப் பழக்கவில்லை, மேசையில் வைத்துத்தான் பழக்கினோம்.

தாரகைக்கும் ஜெபராஜுக்கும் அன்றைக்கே ஒரு கோயிலில் மாலை மாற்றி, அப்புறம் முறைப்படி பதிவும் ஆயிற்று. இப்போது ஓசூர் பக்கம் இருக்கிறார்கள். மாடுகள் நலம் என்று சேதி அனுப்பினாள். என் கணவர் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை, அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசினார். சொந்தத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது, இப்போது கடப்பாரைக்காரி. மதில் நிறுவனத்தில் அண்ணன் சண்டைக்குப் போனாராம். ஆள் வந்து பார்த்து, பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, கதவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். போகும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். 'கதவு சாய்ந்தது, மதில் சாயவில்லை' என்று காங்கேயம் ரோட்டில் பெரிதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். கடப்பாரை படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது.

நங்கையிடமிருந்து மட்டும் பேச்சே இல்லை. நானாகக் கூப்பிட்டு அவளுக்கு வம்பு சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மத்தியானம், கிளினிக்கில் ஆள் இல்லாத நேரம், அவளே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

அண்ணன் ஊரில் யாருக்கும் சொல்லவில்லையாம். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, கல்யாணம் தள்ளிப்போகிறது என்று அரிசி ஆலைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். புதுக் கீல் வைத்துக் கதவை நிறுத்தி, அதே பூட்டைப் போட்டுக் காலி அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டார் பார்க்கிற மாதிரி மூணு வேளையும் ஜன்னலுக்குத் தட்டு போக வேண்டும் என்று உத்தரவு. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், பலகையே வைத்தாகிவிட்டது. ஆனாலும் தட்டு போகிறது. தாரகை ஒரு தடவை அவளிடம் போனில் பேசினாளாம், அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

"அந்தத் தட்டுச் சோத்த யாருங்க நங்கை சாப்புடறது?" என்று கேட்டேன்.

"நாந்தான். காலையிலயும் ராத்திரியும் கம்பி வழியா வெச்சு எடுக்கறதோட சரி. மத்தியானம் உள்ள போயி உக்காந்து சாப்புட்டுட்டு, அங்கயே சித்த நேரம் படுத்துக்குவேன். அவகிட்ட நல்ல நல்ல புஸ்தகமா இருக்குது அம்மிணி, எல்லாம் மாட்டப் பத்தி. காத்து நல்லா வருது."

"அண்ணன் ஒன்னும் சொல்றதில்லீங்களா?"

"உள்ளார இருந்து பூட்டிக்குவேன். பூட்டியாச்சு, பாதுகாப்புன்னு அவரு போனுக்குப் போயிரும். அதப் பாத்தா அவருக்கும் ஒரு நிம்மதி. ஒரு நாளு அவரு சாவியப் போட்டுப் பாத்தாரு. உள்பக்கம் என் சாவி இருந்தா அது சேராதாட்டம் இருக்குது. தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. கல்யாணமாயி வந்ததுலேர்ந்து நான் ஒரு கதவச் சாத்தி வெச்சுப் படுத்ததில்ல. அதுதான் உன்னக் கேக்கலாம்னு கூப்பிட்டேன். வெளிய இருந்து அத வேற யாராச்சும் திறந்துர முடியுமா?"

"யாராலயும் முடியாதுங்க நங்கை," என்றேன். "என்னாலயே முடியாது."

"நல்லாத்தான் பழக்கியிருக்குற," என்றாள். சாப்பிடப் போக வேண்டும், வைக்கிறேன் என்றாள். வைக்க மறந்துவிட்டாள் போல. தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.